ராஃபேலின் எண்ணெய்க் குச்சி

மடக்கிய விரலால் கண்ணாடியில் மூன்று தட்டு. குனிந்து ஒரு பார்வை. முள் பாதியில் நிற்கிறது. இன்னும் மூன்று தட்டு. முள் அதே பாதியில்தான் நிற்கிறது. "களவாணிப் பய முள்ளு" என்று திட்டிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ராஃபேல் லோரியை விட்டு இறங்குகிறார். ஊரடங்கு முடிந்து காலைச் சங்கு ஊதியதும் பாலத்தடி ரப்பர்த் தோட்டத்தில் முதலில் கேட்பது இந்தத் தட்டும் இந்தத் திட்டும்தான்.

லோரி யுத்தத்தில் மிச்சமானது. பட்டாளம் கழித்துப் போட்டதைத் தோட்டத்து மேனேஜர் துரை ஏலத்தில் எடுத்து வந்தார். பெட்ரோல் எண்ணெய் அளவு காட்டவேண்டிய முள்ளுக்கு அதில் ஒரே கொள்கை. தொட்டி நிறைந்தாலும் பாதி, காய்ந்தாலும் பாதி. ஹாரனை அமுக்கினால் மட்டும் ஒரு துள்ளு துள்ளி நிறைவுக்குப் போய் நிற்கும். கையை எடுத்ததும் பழையபடி பாதிக்கு இறங்கிவிடும். கம்பியோடு கம்பி எங்கோ உரசுகிறது, பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார் மெக்கானிக். ராஃபேல் விடவில்லை. ஏறுகிற ஆட்கள் "டிரைவரண்ணே, எண்ணெய் இருக்கா?" என்று கேட்கும்போது, ஹாரனை ஓர் அமுக்கு அமுக்கி, "பாத்துக்க, ஃபுல்லு" என்று சொல்ல அது வசதியாக இருந்தது.

முள்ளை நம்பாதவர் வேறு எதை நம்புவார்? தன்னைத்தான். ஸ்பேனரால் தொட்டியின் வயிற்றில் டொக் டொக்கென்று தட்டி, வலது காதை ஒட்டவைத்துக் கேட்பார். "டேங்கி பேசும்லா. கேக்கத்தான் காது வேணும்." இடது காது இருபது வருஷ எஞ்சின் இரைச்சலில் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டுதான் இந்தப் பேச்சு. அப்புறம் லோரியைத் தோளால் முட்டி ஆட்டி, உள்ளே சளக் சளக் என்கிறதா என்று பார்ப்பார். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மோந்து பார்ப்பார். "கருவாட்டுக் கொழம்பு அடுப்புல கருகுறது தெரியாத மூக்கு, எண்ணெய மட்டும் அளந்துருமாக்கும்" என்பாள் அவர் மனைவி அகதா. அவர் வலது காதையும் மூடிக்கொள்வார்.

ராஃபேலுக்கு நாற்பத்தெட்டு வயது. குட்டை உருவம், நல்ல பாரம், கறை படிந்த காக்கி அரைக்கால் சட்டை. தொழிலாளர் லயத்திலிருந்து லோரிக் கொட்டகைக்கு அறுபது காலடி. அதற்கு மேல் அவர் நடந்து தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. ஸ்டீரிங்கை வேறொரு கை தொட்டுவிட்டால் அன்று முழுதும் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் வாயில் 'தப்பு' என்ற சொல் வந்ததே கிடையாது. லோரி வாய்க்காலில் இறங்கினால், "வாய்க்கால இவ்ளோ ரோட்டோரமா யாரு வெட்டச் சொன்னா?" கோழிக்கூட்டை இடித்தால், "கூட்டுக்கு அங்க என்னா வேல?" மாதா கோயில் சுவரில் ஒருமுறை உரசியபோது மட்டும் முதலில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, கோயிலைக் கட்டிய கொத்தனாரை நாலு வார்த்தை சொன்னார்.

இவ்வளவு சவடாலுக்கு நடுவில் நம்பத்தக்கது ஒன்று அவரிடம் இருக்கத்தான் செய்தது. ஒரு முழக் குச்சி. தொட்டிக்குள் விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்கிற குச்சி. எழுத்து வராதவர் என்பதால் நாலு வெட்டு வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு படம் செதுக்கியிருந்தார். அடி வெட்டில் மீன்: பாகான் நக்கோடா ஓமார் மீனவர் ஊருக்குப் போய்க் கருவாடு ஏற்றிவரப் போதும். அதற்கு மேல் நெற்கதிர்: தஞ்சோங் காராங் அரிசி ஆலை வரை போய்வரலாம். மூன்றாவது கலங்கரை விளக்கம்: கோலசிலாங்கூர். உச்சியில் ஒரு வீடு: கம்போங் குவாந்தான். கம்போங் குவாந்தானில் தோட்டத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. அங்கே அகதாவின் தம்பி இருந்தார், அவர் வீட்டில் ஆற்று மீன் குழம்பு இருந்தது. எத்தனை காலன் என்று கேட்டால் ராஃபேலுக்குத் தெரியாது. ஆனால் ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட அவர் வழியில் நின்றதில்லை. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசரகாலச் சட்டத்தின் மூன்றாம் வருஷம் அந்தக் குச்சி கைதானது. ரோட்டுச் சாவடியில் லோரியைச் சோதித்த ஒரு வெள்ளைக்காரச் சார்ஜண்ட் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீன், நெல், விளக்கு, வீடு. கடலில் வந்து இறங்கு, அரிசியை எடு, விளக்கைக் காட்டு, வீட்டில் ஒளிந்துகொள் என்று அவர் அதைப் படித்துவிட்டார். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ராஃபேல் சேதி கொண்டு போகிறாராம்! மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார வைத்தார்கள். "ஐயா, அது என் மச்சான் வூடுங்க" என்று ராஃபேல் சொன்னது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் அவரை விட்டார்கள், குச்சியை விடவில்லை. அடையாளச் சீட்டுக் கட்டி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி. யாரோ ஒரு பெரிய ஆபீசர் இன்னமும் அதை உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே மாதம் துரை ஓர் உத்தரவு போட்டார். வழியில் காட்டுக்காரர்கள் மறித்தால் லோரியின் எண்ணெய் அவர்கள் கைக்குப் போய்விடுமாம். ஆகவே போய்வரத் தேவையானது, அதற்கு மேல் கொசுறு ஒன்றரைக் காலன், அவ்வளவுதான். பங்களாவில் உட்கார்ந்து வரைபடத்தின் மேல் நூல் வைத்து அளந்து, எந்த ஊருக்கு எத்தனை காலன் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். வரைபடத்தில் குண்டு குழி கிடையாது, லோரியை மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கும் சாவடி கிடையாது. பம்பின் பூட்டுச் சாவி ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி டக்ளஸ் இடுப்புக்குப் போயிற்று. "இனிமே மீன், கதிரு எல்லாம் செல்லாது ராஃபேல். காலன்ல சொல்லணும்" என்றார் கிராணி.

ராஃபேலா அசருவார்? "காலன்தான ஐயா வேணும்? காலன் கோடு போட்ட கோலு பால் ஸ்டோருல சும்மாதான நிக்கிது!"

மரம் சீவிப் பாலெடுக்கும் பெண்கள் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலை அளக்கிற கோல் அது. வெள்ளைச் சாயத்தில் வரிசையாகக் கோடு, கோட்டுக்குக் கோடு எண். கிராணிக்கும் அது சர்க்கார் முத்திரை போலத் தெரிந்தது, சரி என்றுவிட்டார். அந்தப் பெண்களில் ஒருத்தியான தாயம்மாதான், நாலு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அது பால் தொட்டிக் கோலுல்ல?" என்று கேட்டாள்.

"பாலு அளக்குற கோலு எண்ணெய அளக்காதா? ரெண்டும் தண்ணியாத்தான இருக்கு? போ தாயம்மா, போய் மரத்தப் பாரு."

பால் தொட்டி அகலமானது. ஒரு காலன் ஊற்றினால் கொஞ்சம்தான் ஏறும், அதனால் கோடுகளும் நெருக்கமாக இருக்கும். லோரித் தொட்டி குறுகல்; அதே ஒரு காலனுக்கு அங்கே மட்டம் இன்னும் மேலே போகும். ஏழு காலன்கூட இல்லாத இடத்தில் பால் கோல் ஒன்பது என்றது. தாயம்மாவுக்குப் புரிந்த இந்தச் சங்கதி, இருபது வருஷ டிரைவருக்கும் எட்டாம் வகுப்புக் கிராணிக்கும் புரியவில்லை. பக்கத்து ஊர்களுக்குப் போய்வந்தவரை கொசுறு எண்ணெயில் அது வெளியே தெரியவும் இல்லை.

தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. அடையாளக் கார்டுக்குப் படம் பிடிக்க விட்டுப்போன, அகதா, தாயம்மா உட்பட பதினெட்டுப் பேரைக் கோலசிலாங்கூருக்கு ஏற்றிப்போக வேண்டும். போக முப்பத்தாறு மைல், வர முப்பத்தாறு. கோல் ஒன்பதாம் கோடு வரை நனைந்ததும் கிராணி பம்பைப் பூட்டினார். ராஃபேல் பழக்கதோஷத்தில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார். தொட்டி வேறு என்னவோ சொன்னது. அவருக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் கோலைக் கொண்டுவந்ததே அவர். பக்கத்தில் கிராணி வேறு நின்றுகொண்டிருந்தார். ஸ்பேனரை உள்ளே போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். வழியில் தேவைப்பட்டால் தஞ்சோங் காராங் கடையில் எண்ணெய் வாங்கிக்கொள்ள கிராணி ஒரு சீட்டுக் கொடுத்தார். "ஆனா ஏன் பத்தலன்னு தொரைக்கி நீதான் பதில் சொல்லணும்" என்றும் சொல்லிவைத்தார். ராஃபேல் அந்தச் சீட்டை நாலாக மடித்து, சட்டைப் பையின் அடியில் தள்ளினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரடங்குச் சங்கு. அதற்குள் முள்வேலிக் கேட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஆறுக்கு மேல் வெளியே அசைவது எதுவானாலும் சுடலாம் என்று உத்தரவு. கேட்டில் காவல் நிற்பது ஸ்பெஷல் கான்ஸ்டபிள் இருசப்பன். கண் கொஞ்சம் மங்கல், பயம் கொஞ்சம் அதிகம், கையில் துப்பாக்கி. போன மாதம் ஆறு அடித்துப் பத்து நிமிஷத்தில், "யாரு? பேரச் சொல்லு!" என்று மூன்று முறை கத்திவிட்டுச் சுட்டுவிட்டான். விழுந்தது கங்காணி மண்டோர் வீட்டுப் பசு. பேர் சொல்லத் தெரியாமல் செத்தது பாவம்.

படம் பிடித்து, கைநாட்டு வைத்துக் கிளம்ப இரண்டரை ஆகிவிட்டது. தஞ்சோங் காராங் கடை முன்னால் லோரி மெதுவானதும், தாயம்மா பின்னாலிருந்து கத்தினாள். "அண்ணே, எண்ணெய் பத்துமா? ஆயாக் கொட்டாயில புள்ளய விட்டுட்டு வந்துருக்கேண்ணே."

சீட்டு பையில் இருந்தது. பம்பு பத்தடி தூரத்தில் இருந்தது. சீட்டை நீட்டினால் எண்ணெய் கிடைக்கும். நாளைக்குத் துரை முன்னால் நின்று, 'அளந்தது நான்தான்' என்று சொல்ல வேண்டியிருக்கும். ராஃபேல் ஹாரனை அமுக்கினார். முள் துள்ளியது. "ஃபுல்லு!" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த அகதா எட்டிப் பார்த்தாள். "ரோட்டுல ஒரு கோழிகூட இல்ல. இந்த மனுசன் யாருக்கு ஹாரன் அடிக்கிறாரு?" என்று முணுமுணுத்தாள். 

இரண்டு சாவடிகளில் இறக்கி ஏற்றிச் சோதித்தார்கள். ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு, கேட்டுக்கு ஒன்றே கால் மைல் இருக்கையில், எஞ்சின் இரண்டு இருமல் இருமி அடங்கிப்போனது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒரு மனுஷ நடமாட்டம் இல்லை.

"கொழாயில அடைப்பு" என்று அறிவித்தார் ராஃபேல்.

பிறகு நடந்ததை எழுதவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எஞ்சின் மூடியைத் தூக்கினார். குழாயைக் கழற்றினார். ஊதினார், உறிஞ்சினார், துப்பினார். லோரியிலேயே கிடந்த கோலை எடுத்து எல்லோருக்கும் காட்டி, "ஒம்பது காலன் போட்ருக்கு. கோலு பொய் சொல்லுமா? அடைப்புதான். ரெண்டே நிமிசம் பொறுங்கலா" என்றார். அந்த ரெண்டு நிமிஷம் இருபது நிமிஷம் ஓடியது. கோலைத் தொட்டிக்குள் விட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், கை துணியவில்லை. பதினெட்டுப் பேர் ரோட்டில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அகதா குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தாள். தொட்டி மூடியைத் திறந்தாள், உள்ளே போட்டாள். ணங்கென்று அடித்தது, கொஞ்ச தூரம் உருண்டது, நின்றது. சளக் என்ற பேச்சே இல்லை.

"டேங்கி பேசுதுங்க" என்றாள். "காது கேட்டுச்சா?"

கேட்டுவிட்டது. கழற்றிய குழாயைத் திரும்ப மாட்டினார்.

லோரியை விட்டுவிட்டு எல்லோரும் நடந்தே போயிருக்கலாம். ஆனால் காட்டோரத்தில் லோரியை விட்டு வந்த டிரைவரை, வேண்டுமென்றே காட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தான் என்று உள்ளே தள்ளுவார்கள். கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டாலும் கேட்க ஆளில்லை. ஏற்கெனவே குச்சிக் கேஸ் வேறு. இது பதினெட்டுப் பேருக்கும் தெரியும். வாய் நிறைய அவரைத் திட்டினார்கள், திட்டிக்கொண்டே லோரிக்குப் பின்னால் போய்க் கையை வைத்தார்கள்.

ராஃபேல் ஏறி ஸ்டீரிங்கில் உட்கார்ந்துகொண்டார். "நேரா தள்ளுங்கலா! எடது பக்கம் ஆளு பத்தல!" என்று உத்தரவும் வந்தது. பாவி மனுஷன், பதினெட்டுப் பேர் முக்கித் தள்ளுகிறபோது மேளக்காரனுக்குச் சொல்வதுபோல் தாளம் சொன்னார்.

அரை மைல் போனதும் அகதா முன்னால் வந்து கதவைத் திறந்தாள். "எறங்குங்க."

"ஸ்டீரிங்க யாரு புடிப்பா?"

"நான் புடிக்கிறேன். ஒங்க கனத்தையும் சேத்துத் தள்ள இவங்க உசுருல தெம்பு இல்ல. பின்னாடி பாருங்க."

பக்கக் கண்ணாடியில் பார்த்தார். பின்மூலையில் தாயம்மா தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்ததோடு சரி. மார்பில் பால் கட்டி ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. அழுதுகொண்டே தள்ளினாள்.  இறங்கினார். "நேரா புடி. வேற ஒண்ணயும் தொடாத" என்று சொன்ன குரலில் பழைய அதட்டல் இல்லை. தாயம்மாவுக்குப் பக்கத்தில் போய்த் தோளை வைத்தார்.

முள்வேலிக் கேட்டு கண்ணில் பட்டபோது சங்கு ஊதியது.

இருநூறு கஜம். லோரி இரைச்சல் இல்லாமல், விளக்கு இல்லாமல், இருட்டுகிற ரோட்டில் கரேலென்று ஒன்று ஊர்ந்து வருகிறது. இருசப்பன் துப்பாக்கியைத் தூக்கியது இங்கிருந்தே தெரிந்தது. எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ராஃபேல் மட்டும் லோரியைச் சுற்றி முன்னால் வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கேட்டைப் பார்த்து நடந்தார். 

"யாரு? பேரச் சொல்லு!"

"ராஃபேலுடா! டிரைவர் ராஃபேலு!"

"ராஃபேலண்ணன் நடந்து வரமாட்டாரு! ரெண்டாவது தடவ கேக்குறேன், யாரு?"

ராஃபேல் நின்றார்.  "எண்ணெய் தீந்துபோச்சுடா இருசப்பா. நான் அளந்தது தப்பு. என் தப்புதான்டா!"

 "ராஃபேலண்ணன் இப்படிப் பேசவே மாட்டாரு!" என்று இருசப்பன் இன்னும் பயந்துபோய்க் கத்தினான். "கடைசித் தடவ!"

அப்போதுதான் லோரிக்குள்ளிருந்து அகதா ஆரம்பித்தாள். "அடேய் இருசப்பா, வெளங்காதவனே! பசுவுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாதவனே! போன வாரம் எங்கிட்ட வாங்கின இரும்புச் சட்டி எங்கடா? தொறடா கேட்ட!"

துப்பாக்கி இறங்கியது. அந்தக் குரலுக்குப் போலி செய்ய எந்தக் காட்டுக்காரனாலும் முடியாது என்று இருசப்பனுக்குத் தெரியும்.

கேட்டைத் திறந்து, லோரியை வாசல்வரை தள்ளி வந்ததும் லயத்து சனம் மொத்தமும் வேலியோரம் கூடிவிட்டது. தாயம்மா யாரையும் பார்க்காமல் ஆயாக் கொட்டகைக்கு ஓடினாள். கிராணி டக்ளஸ் மூச்சிரைக்க வந்து, ராஃபேலை ஓரமாக இழுத்தார். கோலுக்குத் தலையாட்டியவர் அவரும்தானே.

"கொழாயில அடைப்புன்னு எழுதிர்றேன். ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. மொதல்ல நீ ஏறி ஸ்டீரிங்குல ஒக்காரு. பொம்பள வண்டிய உள்ள கொண்டாறத தொர பாத்தா என்னா ஆவுறது? இத்தன சனம் பாக்குது, ஏறுலா."

அகதாவுக்கும் அது கேட்டது. கதவைத் திறந்து, இறங்க ஒரு காலை வெளியே வைத்தாள்.

ராஃபேல் அவள் காலைப் பிடித்து உள்ளே வைத்தார். கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். அத்தனை சனமும் பார்க்க லோரியைச் சுற்றிப் பின்னால் போய், குனிந்து, தோளைக் கொடுத்தார்.